மணிக்கணக்கும் மனக்கணக்கும்

அத்தியாயம் 14

ஏழு நாளாக அந்த வீட்டில் உப்புக் கிண்ணம்கூட ஹைஃபாவின் கைவழியாகத்தான் மேசையைக் கடந்தது.

"ஹைஃபா, உன் புருஷன்கிட்ட அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பாள் நாத்தனார் துர்ரா.

"ஹைஃபா, உப்புக்குத்தான் வாய் இல்லை, கேக்கறவங்களுக்கு இருக்குன்னு சொல்லு" என்பான் அனீஸ்.

மேசையின் அகலம் இரண்டு முழம். நடுவில் உட்கார்ந்திருக்கும் ஹைஃபா ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. மாமியார் நஸீஹா மட்டும் ஒன்றும் காதில் விழாதவர்போல் மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பார். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர். வகுப்பில் சண்டை மூண்டால் எப்போது திரும்பிப் பார்க்க வேண்டும், எப்போது கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

எல்லாவற்றுக்கும் காரணம் ஹைஃபா நர்ஸாக இருக்கும் டயாலிசிஸ் நிலையம்தான். எந்த நோயாளி எந்த நாள், எந்த மணி, எந்த இயந்திரம் என்று அட்டவணை போட ஒரு ப்ரோக்ராம் வேண்டும் என்று டாக்டர் ரவூஃப் கேட்டபோது, "எங்க வீட்லயே ரெண்டு பேர் இருக்காங்க டாக்டர்" என்று பெருமையடித்தவள் அவள்தான். அந்த வாயை இப்போது அவளே அடித்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

அனீஸ் இரண்டே நாளில் எழுதிக் கொடுத்தான். எட்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, கமால் என்ற நோயாளியை ஏழாம் நாற்காலியில் உட்காரச் சொன்னது. கமாலின் ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி உண்டு. அவருக்கென்று மூலை அறையில் தனி இயந்திரம், பதினாறாம் எண். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது, அவரும் வேறெதிலும் உட்காரக் கூடாது. ஹைஃபா பார்த்துத் தடுத்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஆகலைங்கறது பதில் இல்ல" என்றாள் துர்ரா. தப்பு செய்ய முடிகிற ப்ரோக்ராம் ஓடவே கூடாது என்று முதலிலிருந்து தானே எழுத உட்கார்ந்தாள். ஒரு வாரம் என்றாள். ஐந்து வாரமாயிற்று. போன சனிக்கிழமை அனீஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"மீனைச் சாப்பிடறதுக்கு முன்னாடி முள்ளை எண்ணிக்கிட்டிருக்கற ஆளு நீ."

"முள்ளோட முழுங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடற ஆளு நீ."

அன்றே துர்ரா தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, இருவரும் சேர்ந்து வேலை பார்த்த முன்னறையிலிருந்து சமையலறைக்குக் குடிபோய்விட்டாள்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பத்து மாதத்தில் ஹைஃபா ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அக்காவும் தம்பியும் கணக்குப் படித்தவர்கள் என்று ஊர் சொல்கிறது. ஆனால் படித்தது ஒரே கணக்கு இல்லை. துர்ராவினுடையது இயற்கணிதம். அங்கே ஒன்று இன்னொன்றுக்குச் சமம், அல்லது சமம் இல்லை. நடுவில் பேச்சுக்கு இடமில்லை. அனீஸ் படித்தது பகுப்பாய்வு. அங்கே எதுவும் சட்டென்று எதற்கும் சமமாகிவிடாது. கிட்டக் கிட்டப் போகும். எவ்வளவு கிட்டே என்பதுதான் பேச்சே.

அது பரீட்சைத் தாளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கொடியிலிருந்து எடுத்த துணியைத் துர்ரா கட்டில் முழுக்கப் பரப்புவாள். காலுறை ஒரு சாதி, துண்டு ஒரு சாதி என்று எல்லாம் பிரிந்த பிறகுதான் முதல் மடிப்பு விழும். அனீஸ் கைக்கு வந்ததை மடித்து, அடுக்கு சரிந்தால் அந்தப் பக்கம் இன்னொன்றை முட்டுக் கொடுப்பான். குழம்பில் அவள் கரண்டியால் அளந்து உப்புப் போடுவாள், ருசி பார்க்க மாட்டாள். அவன் கொஞ்சம் போட்டு, நக்கிப் பார்த்து, மறுபடி போட்டு, மறுபடி நக்குவான். குழம்பு கொதிப்பதற்குள் கால் பங்கு அவன் வயிற்றில் இருக்கும்.

மெல்லிய மாவுத் தகட்டில் முட்டையை வைத்து மடித்துச் சூடாகப் பொரித்த பிரிக் தட்டில் விழட்டும். துர்ரா மூலையிலிருந்து ஒழுங்காகக் கடித்துக்கொண்டு உள்ளே வருவாள். நடுவில் இருக்கும் முட்டையைக் கடைசி வாயில் உடையாமல் முடிப்பாள். அனீஸ் நேராக நடுவிலேயே பல்லை வைப்பான். மஞ்சள் கரு எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் தலையைச் சாய்ப்பான். சட்டையில் ஒரு துளியாவது இருக்கும்.

ப்ரோக்ராமும் அப்படியே. எது எதோடு சேரலாம், எது கூடாது என்று துர்ரா நாள்கணக்கில் எழுதுவாள், ஓட்டிப் பார்க்கவே மாட்டாள். தப்பாக எழுதினால் ஓடவே மறுக்கிற மொழிதான் அவளுக்குப் பிடிக்கும். அனீஸுக்கு எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் ஓடுகிற மொழி வேண்டும். இரண்டு வரி எழுதுவான், ஓட்டுவான், திட்டுவான், திருத்துவான்.

இதில் யார் சரி என்று ஹைஃபாவைக் கேட்டால் அவளிடம் பதில் இல்லை. இரண்டு பேரையும் அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் தொல்லை.

இந்தச் சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு டாக்டர் ரவூஃபின் ஃபோன் வந்தது.

"ஹைஃபா, தண்ணி சுத்தம் பண்ற மெஷின் ரெண்டுல ஒண்ணு படுத்துடுச்சு. பாகம் துனிஸ்லேர்ந்து வரணும், நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும். எட்டு நாற்காலிக்குத்தான் தண்ணி இருக்கு."

"இன்னைக்கு முப்பது பேர் டாக்டர்."

"தெரியும். குழாயை அலசி எட்டரைக்கு ஆரம்பிச்சுடலாம். அதுக்குள்ள யாரு எப்பன்னு பட்டியல் வேணும். உங்க வீட்டுக் கணக்குப் புலிங்க யாராவது எழுந்திருப்பாங்களா?"

யாராவது ஒருவர் போதாது என்று ஹைஃபாவின் மனசு சொன்னது. புருஷனை உலுக்கினாள்.

"அனீஸ், எந்திரி. நிலையத்துல அவசரம். உன் ப்ரோக்ராம் வேணும். நீ ஸ்கூட்டர்ல முன்னாடி போ."

"அக்கா?"

"தூங்கறாங்க."

அவன் போனதும் சமையலறைக்குப் போனாள். துர்ரா காபிக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நிலையத்துல அவசரம். உங்க புது ப்ரோக்ராம் வேணும். மாமி காரை எடுத்துக்கலாம்."

"அவன்?"

"தூங்கறான்."

வாசலில் நஸீஹா கார்ச் சாவியோடு நின்றிருந்தார். மருமகளிடம் கொடுக்கும்போது தணிந்த குரலில் கேட்டார்:

"ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொன்னியா?"

"ஆமா மாமி."

"ஒரே பொய்யா?"

"ஒரே பொய்தான்."

"அப்ப குழப்பம் வராது. போய்ட்டு வா."

நிலையத்தின் நடையில் சேதி அதற்குள் பரவிவிட்டிருந்தது. நாற்காலியில் பாதிப் பேர், சுவரில் சாய்ந்து மீதிப் பேர். எல்லோரையும் தாண்டி, நிலையத்தில் எல்லோருக்கும் சித்தி முறையான நோயாளி ஸுஹூர் கால்தி ஹைஃபாவின் கையைப் பிடித்தாள். உள்ளங்கை முழுக்கப் புது மருதாணி. கெர்கென்னா தீவிலிருந்து முதல் படகில் வந்திருந்தாள். அன்று சாயங்காலம் தீவில் அவள் மகன் மாஹிருக்குக் கல்யாணம்.

"பொண்ணே, என்னை இன்னைக்கு விட்டுடு. செவ்வாய்க்கிழமை வந்து ரெண்டு நாளைக்கும் சேத்து உக்காந்துக்கறேன்."

"சேத்து உக்கார இது நோன்பு இல்ல கால்தி. வியாழக்கிழமை ரத்தத்தைப் பாத்தேன். இன்னைக்கு விட்டா இதயம் நின்னுடும்."

"ரெண்டு மணிப் படகை விட்டா மாப்பிள்ளைக்கு அம்மா இல்லாம ஊர்வலம் போகும். அப்ப மட்டும் நிக்காதா?"

"நான் பாத்துக்கறேன்" என்றாள் ஹைஃபா. சொன்ன பிறகுதான் சுற்றிலும் பார்த்தாள். அந்த நடையில் இருந்த முப்பது பேருக்கும் ஆளுக்கொரு சாயங்காலம் இருந்தது.

அலுவலக அறைக் கதவைத் துர்ராவே திறந்தாள். உள்ளே அனீஸ். இருவரும் ஒரே நேரத்தில் ஹைஃபாவைப் பார்த்தார்கள்.

"நீ தூங்கறதா இவ சொன்னா" என்றான் அனீஸ் அக்காவிடம்.

"நீயும்தான்" என்றாள் துர்ரா.

ஏழு நாளில் ஹைஃபா வழியாகப் போகாத முதல் பேச்சு அது. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அனீஸ் பெருமையாக ஒரு தாளை நீட்டினான். "ஆச்சு. எட்டு நாற்காலி, ஒருத்தருக்கு நாலு மணி நேரம், நடுவுல சுத்தம் பண்ண அரை மணி. எட்டரைலேர்ந்து ராத்திரி ஒன்பதரை வரைக்கும் மூணு தடவை உக்கார வைக்கலாம். எட்டு மூணு இருபத்திநாலு. மீதி ஆறு பேர் நாளைக்கு."

துர்ரா அந்தத் தாளைத் தொடவில்லை. தன் கம்ப்யூட்டரைத் திறந்தாள், எட்டு நாற்காலி என்று மாற்றினாள், ஓட்டினாள். திரையில் இரண்டே சொல் வந்தது: வழி இல்லை.

அனீஸ் எட்டிப் பார்த்தான். "அஞ்சு வாரம் உக்காந்து எழுதினது இதைச் சொல்றதுக்கா? இதை டாக்டரே சொல்லியிருப்பாரே."

துர்ரா அவனுடைய தாளை எடுத்தாள். பென்சிலை வரிக்கு வரி நகர்த்தினாள். நடுவில் பென்சில் நின்றது.

"பதினாறாம் நாற்காலில மூணு பேரைப் போட்டிருக்க."

அனீஸ் தாளின் பக்கம் குனிந்தான்.

"கமால் உக்கார்ற மெஷின். அவருக்கு அப்புறம் அதே மெஷின்ல இன்னும் ரெண்டு பேர். எட்டு இல்ல அனீஸ். ஏழும் ஒண்ணும்."

அவன் முகத்திலிருந்து காலை வெளிச்சம் போய்விட்டது. ஹைஃபா ஓரடி முன்னால் வந்தாள். அடுத்து வரப்போவது என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை செய்த தப்பையே இரண்டாம் முறை எப்படிச் செய்தாய், இதற்குத்தான் சொன்னேன், கேட்டாயா என்று ஆரம்பித்தால் மத்தியானம் வரை போகும்.

"நான்தான்" என்றான் அனீஸ். "எட்டுன்னு கேட்டதும் கை ஓடிடுச்சு. ரெண்டாவது தடவை."

துர்ரா பென்சிலைக் கீழே வைத்தாள். பக்கத்து நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு. என்னோடது ஏன் வழி இல்லைங்குதுன்னு நீ பாரு. என் தப்பு என் கண்ணுக்குத் தெரியாது."

அவன் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் படித்தான். "இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தான். இன்னும் கொஞ்சம் கீழே போனான். திடீரென்று தோள் குலுங்கியது.

"அக்கா, உன் வாரத்துல எத்தனை நாள்?"

"ஆறு."

"ஏன் ஆறு?"

"திங்கள் புதன் வெள்ளி ஒரு கூட்டம். செவ்வாய் வியாழன் சனி ஒரு கூட்டம். ஞாயித்துக்கிழமை நிலையம் மூடியிருக்கும்."

"மூடியிருக்கும், சரி. ஞாயித்துக்கிழமையே கிடையாதா?"

துர்ரா திரையைப் பார்த்தாள். காது மடல் சிவந்தது.

"மூணும் மூணும்" என்றாள் சின்னக் குரலில். "அழகா இருந்துச்சு."

முதலில் சிரித்தது ஹைஃபாதான். அடக்க முடியவில்லை. அப்புறம் அனீஸ். கடைசியில் துர்ராவும் கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு டாக்டர் ரவூஃப் தலையை நீட்டினார். வெளியே முப்பது நோயாளிகள் நிற்கும்போது உள்ளே சிரிக்கிற குடும்பத்தை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ.

"டாக்டர், சனிக்கிழமைக்காரங்க கொஞ்சப் பேர் நாளைக்கு வந்தா தாங்குமா?" என்று துர்ரா கேட்டாள்.

"வியாழனுக்கும் ஞாயிறுக்கும் மூணு நாள். சனிக்கும் செவ்வாய்க்கும் எப்பவும் அந்த மூணு நாள்தானே. ஒரு வாரம் தாங்கும். யாரைத் தள்ளலாம்னு நான் குறிச்சுத் தர்றேன். ஆனா நாளைக்கு ஒரே ஒரு தடவைதான், பாதிப் பேர்தான் வேலைக்கு வருவாங்க."

துர்ரா விரலை மடக்கினாள். இன்று ஏழு நாற்காலியில் மூன்று முறை, இருபத்தொன்று. கமாலோடு இருபத்திரண்டு. மீதி எட்டுப் பேர். நாளைக்கு ஏழு நாற்காலி.

அவள் வாரத்தில் ஞாயிறைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். திரை அதே இரண்டு சொல்லைச் சொன்னது.

"ஒருத்தர் அதிகம்" என்றாள். மணி ஏழு இருபது. "அவ்வளவுதான். முப்பது இருபத்தொம்பதுக்குச் சமம் ஆகாது."

"சமம் ஆக வேண்டாம், கிட்ட வந்தா போதும்" என்றான் அனீஸ். "ஹைஃபா, எல்லாருக்கும் நாலு மணி நேரம்தானா? கண்டிப்பா?"

"எப்பவும் நாலுதான் போடறோம். ஆனா ஒடம்புல ஏறின தண்ணியைப் பொறுத்தது. நாக்கைக் கட்டிக்கிட்டு இருந்தவங்களுக்குக் கம்மியா இருக்கும்."

"அப்ப எடை பாக்கலாம் வா."

நடையின் கோடியில் எடை பார்க்கும் மேடை. அனீஸ் ஒவ்வொருவராக ஏற்றினான். வியாழக்கிழமை எடையை ஹைஃபா படித்தாள், அவன் கழித்தான்.

"முன்ஸிஃப் ஐயா, மூணு கிலோ ஏறியிருக்கு. என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல மகனே. ஒரே ஒரு தர்ப்பூசணி."

"ஒரு கீத்தா, முழுப் பழமா?"

"சின்னது."

நடை சிரித்தது. அரை மணியில் முப்பது எண்கள் வந்தன. நான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவு. டாக்டர் அந்த நான்கு பேரின் கோப்பையும் புரட்டிவிட்டு, இன்று மட்டும் மூன்று மணி நேரம் போதும் என்றார்.

"சுத்தம் பண்ண அரை மணி கண்டிப்பா வேணுமா டாக்டர்?"

"மெஷினுக்கு இருபது நிமிஷம். மீதிப் பத்து நிமிஷம் நம்ம காபிக்கு."

அனீஸ் ஓடி வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். "அஞ்சாம் நாற்காலில இந்த நாலு பேரை மட்டும் வரிசையா உக்கார வை. நாலு மூணு பன்னெண்டு மணி. நடுவுல மூணு தடவை இருபது நிமிஷம், அது ஒரு மணி. சுமாரா ராத்திரி ஒன்பதரை பத்துக்குள்ள முடிஞ்சுடும்."

துர்ரா சுமாரை விடவில்லை. எழுதிப் பார்த்தாள்.

"பதிமூணு மணி. மத்த நாற்காலில மூணு நாலு பன்னெண்டு, ரெண்டு அரை மணி, அதுவும் பதிமூணு." தலை நிமிர்ந்தாள். "அனீஸ், சமம்."

"தற்செயல் அக்கா."

"இருக்கட்டும். எனக்குத் தற்செயலும் சமம்தான்."

அவள் விதியைச் சேர்த்தாள். சின்ன எடைக்காரர்களுக்கு மூன்று மணி, டாக்டர் கையெழுத்திட்டால் மட்டும், இந்த ஒரு நாள் மட்டும். அனீஸ் தன் தாளிலிருந்து பெயர்களைச் சொல்லச் சொல்ல அவள் போட்டாள். யாரையாவது தப்பான இடத்தில் சொன்னால் திரை ஏற்கவில்லை. "அது வேண்டாங்குது" என்பாள். அவன் அடுத்த பெயரைச் சொல்வான். எட்டு மணி பத்துக்குப் பட்டியல் வந்தது. இன்றைக்கு இருபத்து மூன்று, நாளைக்கு ஏழு.

முதல் வரியில் ஸுஹூர் கால்தி. ஒன்றாம் நாற்காலி, எட்டரை முதல் பன்னிரண்டரை.

பன்னிரண்டே முக்காலுக்குக் கையில் கட்டோடு கால்தியைக் காரில் ஏற்றினார்கள். வழியில் ரத்தம் கசிந்தால் பார்க்க வேண்டும் என்று, காலை முறை முடிந்த ஹைஃபா பின்னால் உட்கார்ந்தாள். துர்ரா ஓட்டினாள். அட்டவணையைப் பார்த்துக்கொள்ள அனீஸ் நிலையத்தில் இருந்துவிட்டான்.

துறைமுகத்தில் கால்தி ஹைஃபாவின் நெற்றியில் முத்தம் வைத்தாள். துர்ராவின் கன்னத்தைக் கிள்ளினாள். "உனக்கும் ஒருத்தன் வரட்டும். கணக்குத் தெரியாதவனா வரட்டும்" என்று வாழ்த்திவிட்டுப் படகேறினாள். படகு ஊதியது. மேல்தட்டில் மருதாணிக் கை அசைந்தது.

ஹைஃபா திரும்பி நடக்க ஆரம்பித்தாள். துர்ரா நகரவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஹைஃபா, ஒண்ணு சொல்லணும். அவன்கிட்ட நீ சொல்லக் கூடாது."

"சொல்லுங்க அக்கா."

"ஜெர்மனில எனக்கு வேலை கிடைச்சிருக்கு. பான் பல்கலைக்கழகத்துல. அக்டோபர் ஒண்ணாம் தேதி சேரணும்."

ஹைஃபா மனசுக்குள் எண்ணினாள். பன்னிரண்டு நாள்.

"எப்பத் தெரியும்?"

"கடிதம் வந்து அஞ்சு வாரம் ஆச்சு. ஆகஸ்ட்ல ஒரு வாரம் துனிஸ்ல மாநாடுன்னு போனேனே, அது மாநாடு இல்ல. பானுக்குத்தான் போனேன், நேர்முகத்துக்கு." துர்ரா மூச்சு விட்டாள். "கமால் விஷயம் நடந்த வாரம்."

ஹைஃபாவுக்குப் புரியவில்லை.

"அவன் கை எவ்வளவு வேகம்னு உனக்குத் தெரியும். மனசு அதைவிட வேகம். அவன் எதை மாத்தினாலும் அன்னைக்கே நான் ஒரு தடவை படிச்சுடுவேன். ஒண்ணு ரெண்டு இடத்துல சத்தமில்லாம திருத்தி வச்சிடுவேன். எட்டு மாசமா. அவனுக்கே தெரியாது. அந்த ஒரு வாரம் நான் இல்ல. படிக்க ஆளில்ல."

ஒரு கடற்பறவை கயிற்றுக் கம்பத்தில் வந்து உட்கார்ந்தது. துர்ரா அதைப் பார்த்தே பேசினாள்.

"நான் போயிட்டா யாரு படிப்பா? அதனாலதான் புதுசா எழுத உக்காந்தேன். அவன் எப்படி ஓடினாலும் கிணத்துல விழாதபடி சுத்திச் சுவர் வச்சிட்டுப் போயிடலாம்னு. அவன் என்னடான்னா நான் முள்ளை எண்ணறேங்கறான்."

அந்த ஐந்து வாரச் சண்டை முழுவதும் ஹைஃபாவின் கண்முன்னே வேறு முகம் காட்டியது. கூடவே கோபமும் வந்தது.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு ரகளையே இல்லையே அக்கா. ஒரு வாரம் நான் நடுவுல கெடந்து செத்தேன்."

"முடிக்காம எப்படிச் சொல்றது?" துர்ரா நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "சுவர் பாதி நிக்கும்போது, நான் போறேன்னா அவன் பயந்துடுவான். இப்ப முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமையும் சேந்தாச்சு. இன்னைக்குச் சாப்பிடும்போது நானே சொல்லிடறேன். நீ பக்கத்துல இரு, போதும்."

ஹைஃபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் வரை விடவில்லை.

வீட்டில் நஸீஹா மீன் குழம்பும் பார்லி ரொட்டியும் மேசையில் வைத்துக் காத்திருந்தார். பிள்ளைகள் நடையில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டதும் எதுவும் கேட்கவில்லை. ஹரிஸா மிளகாய் விழுதுக் கிண்ணத்தை மட்டும் மேசையின் நடுவில் வைத்தார்.

மீதிப் பட்டியலை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு நாலு மணிக்கு அனீஸ் வந்து சேர்ந்திருந்தான். பசி, களைப்பு, சந்தோஷம் எல்லாம் ஒரே முகத்தில். முன்ஸிஃப் இரண்டாவது தர்ப்பூசணியோடு பிடிபட்ட கதையைச் சொன்னான். துர்ரா சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு ஹைஃபாவைப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள். தம்பி பக்கம் திரும்பினாள்.

"அனீஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு. முதல்ல நான்." அவன் சட்டைப்பைக்குள் கைவிட்டான். "நீ ஒரு வாரமா அடுப்புப் பக்கத்துல உக்காந்து எழுதினது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துடுச்சு அக்கா. சண்டை போடத் தெரிஞ்சுது, வந்து கூப்பிட வாய் வரல. தெனியூர் சாலைல பேக்கரிக்கு மேல ஒரு அறை. முந்தாநாளே பாத்து வச்சிருந்தேன். இன்னைக்கு வர்ற வழியில கையெழுத்துப் போட்டுட்டேன். ஒரு வருஷத்துக்கு."

இரண்டு சாவிகளை மேசைமேல் வைத்தான்.

"ரெண்டு ஜன்னல், ரெண்டு மேசை. உனக்குக் கிழக்குப் பக்கம். காபேஸ்லயும் மஹ்தியாவுலயும் ரெண்டு நிலையத்துக்கு இந்தப் பட்டியலை டாக்டர் அனுப்பியிருக்காரு, அவங்களுக்கும் வேணுமாம். ரெண்டு பேர் பேரையும் பலகைல எழுதிடலாம். அக்டோபர் ஒண்ணாம் தேதிலேர்ந்து நம்மது."

"என்னைக் கேக்காமலா?" என்றாள் துர்ரா.

"கேட்டா நீ ஆறு மாசம் யோசிப்ப." அவன் ஒரு சாவியை அவள் பக்கம் நகர்த்தினான். "சரி, இப்ப நீ சொல்லு. என்னவோ சொல்லணும்னியே."

துர்ரா சாவியைப் பார்த்தாள். அதில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது, எது அவளுடையது என்று தெரிய. அவன் கட்டியதுதான், முடிச்சு கோணலாக இருந்தது.

அவள் அதை எடுத்தாள். கைக்குள் மூடிக்கொண்டாள்.

"குழம்புல உறைப்பு கொஞ்சம் கம்மின்னு சொல்ல வந்தேன்" என்றாள்.

அனீஸ் சிரித்துக்கொண்டே ஹரிஸாவை எடுத்து நீட்டினான். துர்ரா வாங்கிக்கொண்டாள். மேசையில் யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை. ஹைஃபாவின் ரொட்டி பிட்டது பிட்டபடி தட்டில் கிடந்தது.

நஸீஹா கரண்டியைக் கீழே வைத்தார். மகனைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. நேராக மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"ஹைஃபா, நீ ஏன் சாப்பிடல?"